மூன்று தொட்டிகளுக்கு ஒரு சில்லர்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஓர் ஐஸ் தட்டு வைக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. உள்ளே, மீன் தொட்டிகளில் போட்டுக் குளிர்விப்பதற்காக, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் 14. சில கல்லாக உறைந்தவை, சில நடுவில் மட்டும் கூழாக நிற்பவை, சில அப்போதுதான் உள்ளே போனவை. எது எப்போது போனது என்று தெரிவதற்காக ஒவ்வொரு மூடியிலும் மணி எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் மனைவி கதவைத் திறந்தபோது மேல்வரிசைப் பாட்டில் ஒன்று வழுக்கி, அவள் பாதத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. அவள் அதை எடுத்து மூடியில் இருந்த மணியைப் படித்துவிட்டு, “இதற்கு இப்போது முறை வந்துவிட்டதா, இல்லை இன்னும் நேரம் இருக்கிறதா?” என்று கேட்டாள். கிண்டல்தான். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். நிலைமை அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

வீட்டில் மொத்தம் மூன்று தொட்டிகள். கூடத்தில் இருப்பது 200 லிட்டர். ஒயிட் கிளவுட் மீன்கள் ஒரு கூட்டம், பாறையை ஒட்டிக்கொண்டே வாழும் ஓடை லோச்கள் ஐந்து. சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய வெள்ளை முகில் மலைதான் ஒயிட் கிளவுட் என்ற பெயருக்கு மூலம். மலையோடையில் பிறந்த இனம். 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். அதே கூடத்தில் உட்சுவரோரம் 60 லிட்டர் தொட்டி ஒன்று. அதில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கிரிஸ்டல் இறால்கள். அவற்றுக்கு 22 டிகிரி போதும், 24ஐத் தாண்டினால் வாட்டம். மூன்றாவது 120 லிட்டர், மகளுடையது. ஒரே ஓர் ஆக்சலோட்டல். மெக்ஸிகோவின் ஸோச்சிமில்கோ ஏரிப் பகுதியைச் சேர்ந்த, சலமாண்டர் என்ற நீர்நிலவாழி இனம். வளர்ந்த பிறகும் செவுளை உதிர்க்காமல் குழந்தைக் கோலத்திலேயே காலம் தள்ளும் பிராணி. வெள்ளையாக இருப்பதால் அதற்குப் பஞ்சு என்று பெயர். பஞ்சுவுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். 24ஐ நெருங்கினால் உணவைப் பார்த்தும் பார்க்காததுபோல் கிடக்கும், வாலின் நுனி கொக்கிபோல் வளையும். மகளுக்கு அந்தக் கொக்கியைக் கண்டாலே அழுகை வந்துவிடும்.

கூடத்தின் வெப்பம் 32 டிகிரி.

சூடு மீனைச் சுட்டுக் கொல்வதில்லை, மூச்சில் கைவைக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.6தான். தண்ணீர் சூடாகும்போதே மீனின் உடல் வேகமும் கூடுவதால் அதற்கு முன்னைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. வரவு குறைகிற அதே நேரத்தில் செலவு ஏறுகிறது. போதாக்குறைக்கு மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. அதன் நச்சு வடிவத்தின் பங்கு சூட்டோடு சேர்ந்து கூடும். பிஎச் 8 உள்ள தண்ணீரில் 25 டிகிரிக்கு 5 சதவீதத்தை ஒட்டி இருப்பது 30 டிகிரிக்கு 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். விடியற்காலை 5 மணிக்கு லோச்கள் பாறையை விட்டுவிட்டு மேற்பரப்பில் வாய் வைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் வேண்டியதில்லை.

பாட்டில் கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து போட்டேன். ஒரு கிலோ பனிக்கட்டி, ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலிருந்து உருகித் தொட்டியின் சூட்டை எட்டும்வரை சுமார் 460 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. 120 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி இறக்க ஏறத்தாழ 500 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஆக ஒரு பாட்டிலுக்கு ஒரு டிகிரிகூட முழுதாகக் கிடைக்காது. பஞ்சுவின் தொட்டியை 17 டிகிரியில் நிறுத்தினால் அது மணிக்குச் சுமார் 0.7 டிகிரி ஏறுகிறது என்பதைப் பிறகு அளந்து தெரிந்துகொண்டேன். அப்படியானால் ஒரு பாட்டில் ஒரு மணி இருபது நிமிடத்துக்குத்தான் தாங்கும். ஒரு நாளைக்கு 18 பாட்டில், அதுவும் ஒரே ஒரு தொட்டிக்கு, இரவிலும் எழுந்து எழுந்து. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டில்களை உறையவைக்க ஃப்ரீசர் தன் முதுகு வழியாகத் தள்ளும் சூடும் இதே வீட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மின்விசிறியையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீரின் மேற்பரப்பில் காற்று அடித்தால் ஆவியாதல் கூடும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறத்தாழ 670 வாட்-மணி வெப்பத்தைக் கொண்டுபோகும். பாட்டிலோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு. மலிவு, எளிமை, பழுதாகாது. யாராவது ஒரு தொட்டி வைத்திருப்பவர் கேட்டால் நான் முதலில் சொல்வது மூடியைத் திறந்து விசிறியைப் போடுங்கள் என்றுதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைக் காற்றில் காட்டினால் அது எந்த எண்ணில் நிற்கிறதோ, அதற்குக் கீழே விசிறியால் தண்ணீரை இறக்க முடியாது. 32 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் அந்த எண் சுமார் 26. லோச்களுக்கு அது பரவாயில்லை என்று சொல்லும்படியான உதவி. இறாலுக்குப் போதாது.

பஞ்சுவின் கதை இன்னும் மோசம். அதே காற்றின் பனிநிலை சுமார் 23 டிகிரி. தண்ணீர் 23க்குக் கீழே இருந்தால் அதிலிருந்து எதுவும் ஆவியாகாது. மாறாக, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து தன் வெப்பத்தை அங்கே இறக்கி வைக்கும். 19 டிகிரி தண்ணீரின்மேல் விசிறியைத் திருப்பிவைத்து இரண்டு நாள் நான் செய்தது, ஆக்சலோட்டலுக்குச் சூடு போட்டதுதான். பாட்டில் போட்டும் ஏன் இறங்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம், வாங்குவது என்று முடிவானபோது, எத்தனை என்ற கேள்வி வந்தது. தொட்டிக்கு ஒன்று என்றால் மூன்று கம்ப்ரசர், மூன்று இரைச்சல், மூன்று சூட்டுக் காற்று. கம்ப்ரசர் இல்லாத சின்னக் குளிர்விப்பான்களும் உண்டு. 1834இல் பெல்டியர் கண்டறிந்த விளைவில் இயங்குபவை, சத்தமே இருக்காது. ஆனால் அவற்றில் பல, எடுக்கும் வெப்பத்தைவிட அதிக மின்சாரத்தை விழுங்கும். 20 லிட்டர் கண்ணாடிக் குடுவைக்கு வேண்டுமானால் சரி. ஒரே ஒரு நல்ல சில்லர், மூன்று தொட்டிக்கும் பொது என்று தீர்மானித்தேன். அது நல்ல தீர்மானம்தான். அதைச் செயல்படுத்திய முதல் விதம்தான் அசட்டுத்தனம்.

வாங்கும் முன் ஒரே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன். ஒவ்வொரு தொட்டியையும் அதற்கு வேண்டிய வெப்பநிலைக்குப் பாட்டில் போட்டு இறக்கி, பாட்டிலை எடுத்துவிட்டு, விளக்கும் ஃபில்டரும் வழக்கம்போல் ஓட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று நடுப்பகலில் குறித்தேன். லிட்டரை 1.163ஆல் பெருக்கி, மணிக்கு ஏறும் டிகிரியால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 120 லிட்டர் 0.7 டிகிரி ஏறியது: 98 வாட். 60 லிட்டர் 0.5 டிகிரி: 35 வாட். 200 லிட்டர் 0.45 டிகிரி: 105 வாட். மொத்தம் 238. குழாயில் கசியும் குளிர், பம்புகளின் சூடு எல்லாம் சேர்த்து 300 என்று வைத்துக்கொண்டேன். சில்லரின் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் குதிரைத்திறன் கம்ப்ரசரைப் பற்றியது. அது எத்தனை வாட் வெப்பத்தை எடுக்கும் என்பது சிற்றெழுத்தில் இருக்கும். அந்த எண்ணும் வெதுவெதுப்பான தண்ணீருக்குச் சொல்லப்பட்டது. தண்ணீரை எவ்வளவு குளிரக் கேட்கிறோமோ அவ்வளவுக்குத் திறன் குறையும். அதனால் 600 வாட் எடுப்பதை வாங்கினேன். பாதி நேரம் ஓடினால் போதும், மீதி நேரம் மூச்சு வாங்கட்டும் என்று கணக்கு.

முதல் முயற்சியில் கூடத்துத் தொட்டியையும் இறால் தொட்டியையும் மட்டும் இணைத்தேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை என்பதால். இரண்டிலிருந்தும் உறிஞ்சும் குழாய்கள் ஒரு டீ இணைப்பில் சேர்ந்து பம்புக்குப் போகும். பம்பு சில்லருக்குள் தள்ளும். திரும்பி வரும் குளிர்ந்த நீர் இன்னொரு டீயில் பிரிந்து இரண்டு தொட்டிக்கும் போகும். இரண்டு பக்கமும் வால்வு வைத்து, நீர்மட்டம் அசையாமல் நிற்கும்வரை திருகித் திருகிச் சரிசெய்தேன். அழகாக நின்றது. ஒன்பது நாள் நின்றது.

பத்தாம் நாள் விடியலில் மகள் வந்து என் கட்டில் ஓரம் நின்றாள். “அப்பா, கூடத்தில் கால் வைத்தால் சளப்சளப் என்கிறது.”

இறால் தொட்டியின் உறிஞ்சு குழாய் முனையில் இருந்த வடிகட்டி ஸ்பாஞ்சின்மேல் அழுகிய இலை ஒன்று ஆடைபோல் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பக்கம் உறிஞ்சுவது நின்றதும் பம்பு மொத்தத் தண்ணீரையும் பெரிய தொட்டியிலிருந்து எடுக்க ஆரம்பித்தது. திரும்புவது மட்டும் பழையபடி இரண்டாகப் பிரிந்தே திரும்பியது. இறால் தொட்டி நிரம்பி வழிய, பெரிய தொட்டி வற்றிக்கொண்டே வந்தது. பெரிய தொட்டியின் உறிஞ்சு முனையை மேற்பரப்பிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் கீழே மட்டும் வைத்திருந்ததால் 40 லிட்டரோடு தப்பித்தேன். அதற்கு மேல் குழாய் காற்றைக் குடித்து, பம்பு வறண்டு ஓடி, கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. அதை அடித்தரையில் வைத்திருந்தால் கூடத்தில் 200 லிட்டரும் இருந்திருக்கும், லோச்களோடு.

தரையைத் துடைப்பது ஒரு காலைப்பொழுது வேலை. உண்மையான நஷ்டம் அடுத்த வாரம் தெரிந்தது. இறால் தொட்டியின் அடியில் இருப்பது அமில மண். தண்ணீரை மென்மையாக, பிஎச் 6 அளவில் வைத்திருக்கும். பெரிய தொட்டியின் தண்ணீர் அதைவிடக் கடினம், பிஎச் 7.5. இது கலக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கொஞ்சம் கலந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மணிக்கு 400 லிட்டர் ஓடும் குழாயில் கொஞ்சம் என்பதே கிடையாது. ஒரு மணி நேரத்திலேயே இரண்டும் ஒரே தண்ணீர் ஆகிவிட்டது. தோலுரிக்கும் நேரம் வந்த இறால்கள் பழைய ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் செத்துக் கிடந்தன. கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம், ஓடு பிளந்த இடம். பதினொன்று எண்ணி எடுத்தேன். அதன்பிறகு எண்ணவில்லை.

பொதுச் சம்ப் தொட்டி வைத்து எல்லாத் தொட்டியும் அதற்குள் வழிந்து, அங்கிருந்து சில்லர் வழியாக எல்லாவற்றுக்கும் ஏறும் முறை ஒன்று உண்டு. வெள்ள அபாயம் அதில் குறைவு. ஒரே இனத்தை அடுக்கடுக்காக வைப்பவர்களுக்கு அது சரி. எனக்கு வேண்டியது மூன்று வேறு வெப்பநிலை, மூன்று வேறு தண்ணீர். தவிர, ஒரு தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அதன் நீந்தும் குஞ்சுகள் குழாய் வழியாக அடுத்த தொட்டிக்குப் போய்விடும். மீனுக்குப் போடும் மருந்தில் தாமிரம் இருந்தால் இறால் அத்தனையும் போகும். வேண்டாம் என்று ஒரே நாளில் தள்ளிவிட்டேன்.

வழி காட்டியவர் எங்கள் ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக். பாட்டில்களின் அளவுக்கு மீறிய சேவையில் ஃப்ரீசரின் தெர்மோஸ்டாட் உயிரை விட்டிருந்தது. வேலைக்கு நடுவில் என் குழாய்களைப் பார்த்துவிட்டு, “சார், குளிர் என்று ஒன்றை யாரும் தயாரிப்பதில்லை. சூட்டை இங்கிருந்து எடுத்து அங்கே போடுகிறோம். இந்த ஃப்ரிட்ஜுக்குள் ஓடும் வாயு உங்கள் சாப்பாட்டைத் தொடுகிறதா? தொடாமல்தானே எடுக்கிறது? நீங்கள் எதற்குத் தண்ணீரையே தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்?” என்றார்.

அன்று இரவே வரைபடம் போட்டேன். மூன்று தொட்டிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டியது குளிர் மட்டும். தண்ணீர் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது நிற்கும் அமைப்பு இது. தடித்த சுவருள்ள 40 லிட்டர் குளிர்பெட்டி ஒன்றில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். ஒரு பம்பு அதைச் சில்லருக்கு அனுப்பித் திருப்பிக் கொண்டுவருகிறது. சில்லர் பெட்டியை 12க்கும் 14க்கும் நடுவில் வைத்திருக்கும். பெட்டிக்குள் இன்னும் மூன்று சிறு பம்புகள், தொட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பெட்டித் தண்ணீரைத் தன் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் உலோகச் சுருள் வழியாகச் செலுத்தித் திரும்பப் பெட்டிக்கே கொண்டுவந்து ஊற்றும். தொட்டித் தண்ணீரும் பெட்டித் தண்ணீரும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொட்டிக்குள் வெப்ப உணரி. 22.5 ஆனால் அந்தத் தொட்டியின் பம்பு ஓடும், 22க்கு இறங்கினால் நிற்கும். பஞ்சுவுக்கு 17. மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு வைக்கலாமா என்று யோசித்தேன். மூன்று சிறு பம்புகளே மேல். ஒன்று பழுதானால் அந்த ஒன்றைக் கழற்றி மாட்டலாம், மற்ற இரண்டும் பாட்டுக்கு ஓடும்.

பெட்டியின் 40 லிட்டருக்கு ஒரு காரணம் இருக்கிறது. கம்ப்ரசருக்கு அடிக்கடி நின்று நின்று ஓடுவது ஆகாது. நின்றபின் சில நிமிடமாவது ஓய்வு வேண்டும். 40 லிட்டரை 2 டிகிரி இறக்க 93 வாட்-மணி. 600 எடுக்கும் சில்லர், 300 உள்ளே வந்துகொண்டிருக்கும்போது, ஏறத்தாழ 19 நிமிடம் ஓடி 19 நிமிடம் ஓயும். 10 லிட்டர் வாளி வைத்திருந்தால் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை தடக் என்று விழித்துக்கொண்டிருக்கும்.

சுருளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் நான் அதிகம் ஏமாந்ததும் அதிகம் கற்றதும் அதில்தான். தாமிரம் வெப்பத்தை அபாரமாகக் கடத்தும், இறால் தொட்டியில் அது விஷம். கடல்நீர்த் தொட்டி என்றால் டைட்டானியத்தைத் தவிர எதையும் நம்பக் கூடாது. நன்னீருக்குத் துருப்பிடிக்காத எஃகும் தாங்கும். பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டிப் போட்டால் என்ன? எஃகோ டைட்டானியமோ பாலிஎத்திலீனைவிடச் சுமார் ஐம்பது மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் பிளாஸ்டிக்குக்கு ஐம்பது மடங்கு நீளம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். கணக்கிட்டால் மெல்லிய சுவருள்ள குழாய்க்கு இரு மடங்குதான் வருகிறது. காரணம், உண்மையான தடை உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ இல்லை. குழாயின் மேல் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்ப் படலத்தில் இருக்கிறது. பஞ்சுவின் தொட்டியில் 4 மீட்டர் டைட்டானியச் சுருளை முதலில் ஒரு மூலையில் போட்டிருந்தேன். 17ஐத் தொடவே மாட்டேன் என்றது. அதே சுருளை ஃபில்டரின் நீர் வந்து விழும் இடத்துக்கு நகர்த்தினேன், படலம் கலைந்தது, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. ஒரு முழம் நகர்த்தியதில் கிடைத்த குளிர்.

சில்லரை முதலில் தொட்டியின் அடியிலிருந்த மர அலமாரிக்குள் வைத்தேன், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று. கண்ணுக்குத் தெரியவில்லை, உடம்புக்குத் தெரிந்தது. தொட்டிகளிலிருந்து எடுத்த 300 வாட்டோடு தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து அது கூடத்திலேயே ஊதிக்கொண்டிருந்தது. கூடம் 32இலிருந்து 34க்கு ஏறியது. அதனால் தொட்டிகள் வேகமாகச் சூடாக, அதனால் சில்லர் இன்னும் நேரம் ஓட, அதனால் கூடம் இன்னும் சூடாக. தன் வாலைத் தானே துரத்தும் நாய்போல். சுவரில் துளை போட்டுச் சில்லரையும் குளிர்பெட்டியையும் வெளி வராந்தாவுக்கு நாடு கடத்தினேன். குழாய்கள் மூன்று மீட்டர் நீண்டன, சில்லர் ஓடும் நேரம் பாதியானது.

வியர்வை பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை. 13 டிகிரி தண்ணீர் ஓடும் குழாயில் காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கட்டி, நூல் பிடித்ததுபோல் வழிந்து, தாழ்வான இடத்தில் சேர்ந்து சொட்டும். என் வீட்டில் தாழ்வான இடம் மின் இணைப்புப் பலகைக்கு நேர் மேலே இருந்தது. அதைக் கவனித்த அன்று கை நடுங்கியது உண்மை. குழாய் முழுவதற்கும் கறுப்பு ரப்பர் நுரை உறை போட்டு, மூட்டுகளையும் விடாமல் ஒட்டி, பலகையைச் சுவரில் உயரே ஏற்றினேன். பஞ்சுவின் தொட்டிக் கண்ணாடியும் அப்படியே வியர்த்தது. முகம் தெரியாமல் பனி மூடி, மகள் விரலால் வட்டம் துடைத்து எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. கீழே வழிந்த நீரில் மர ஸ்டாண்டின் விளிம்பு ஊறி உப்பிவிட்டது. பின்புறமும் இரு பக்கமும் 25 மில்லிமீட்டர் நுரைப்பலகை ஒட்டிய பிறகு, 98 வாட் 60க்குக் குறைந்தது. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். சில்லர் வாங்கும் உற்சாகத்தில் நுரைப்பலகை யாருக்கு நினைவுக்கு வருகிறது? முன் கண்ணாடி மட்டும் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இன்னும் வியர்க்கிறது. அதற்கு ஒரு துணி தனியாகத் தொங்குகிறது.

ஒரு காலை இறால் தொட்டி 18 டிகிரியில் இருந்தது. பம்பை இயக்கி நிறுத்தும் ரிலே ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு இரவு முழுவதும் பம்பு நிற்காமல் ஓடியிருக்கிறது. இறால்கள் குளிரில் விறைத்த வாத்தியார்கள் மாதிரி மெதுவாக நடந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. அது என் சாமர்த்தியம் என்று சொல்ல ஆசை, தற்செயல்தான். மிஞ்சியிருந்த துண்டுச் சுருளை அந்தத் தொட்டிக்குப் போட்டிருந்தேன், இரண்டு மீட்டர்தான். அவ்வளவு குட்டையான சுருளால் எவ்வளவு ஓடினாலும் 18க்குக் கீழே இழுக்க முடியவில்லை. அறையின் சூடும் சுருளின் குளிரும் அங்கே சமன்பட்டுவிட்டன. பஞ்சுவின் நீளச் சுருள் அதில் இருந்திருந்தால் வேறு கதை. அதன்பிறகு ஒவ்வொரு சுருளையும் நிற்காமல் ஓடவிட்டு, எங்கே போய் நிற்கிறது என்று பகலில் பார்த்து வைத்தேன். பெரிய தொட்டியின் சுருளிலிருந்து ஒரு மீட்டரை அறுத்தும் போட்டேன். கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் ஒருநாள் ஏமாற்றும். நீளம் குறைந்த குழாய் ஏமாற்றாது.

ஒரே அறையில் ஐந்தாறு தொட்டிகள், எல்லாவற்றுக்கும் 24 டிகிரி போதும் என்றால் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். ஜன்னலை அடைத்து அறைக்கு ஏசி போட்டுவிடுங்கள், மனிதர்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும். எங்கள் கூடம் மாடிப்படியோடு திறந்து கிடப்பது, பஞ்சுவுக்கு 17 வேண்டும் என்பது, இரண்டும் சேர்ந்துதான் என்னை இந்தக் குழாய்க் காட்டுக்குள் தள்ளின. இன்னொன்று: குளிர்காலத்தில் ஹீட்டரை 22க்கும் குளிர்ப் பம்பை 22க்கும் ஒருசேர வைத்துவிடாதீர்கள். இரண்டும் இரவெல்லாம் சண்டை போடும், மின்கட்டணம் உங்களுடையது. நடுவில் இரண்டு டிகிரி காலியாக இருக்கட்டும்.

மின்சாரம் போனால்? நுரைப்பலகை போர்த்திய பஞ்சுவின் தொட்டி மணிக்கு 0.4 டிகிரிதான் ஏறும். நான்கு மணி நேரம் தாங்கும். பேட்டரி ஏர் பம்பு இரண்டு எப்போதும் தயார். ஃப்ரீசரில் இப்போதும் பாட்டில்கள் இருக்கின்றன, மனைவியின் அனுமதியோடு நான்கு. ஒரே சில்லரை நம்பி மூன்று தொட்டி என்பதன் விலை அது. சில்லர் படுத்தால் மூன்றும் சேர்ந்து படுக்கும்.

போன மாதம் குளிர்பெட்டியில் ஒரு விநோதம். நீர்மட்டம் குறைந்தால் கசிவு என்று தெரிந்துகொள்ள உட்சுவரில் பேனாவால் கோடு போட்டிருந்தேன். இரண்டு மாதத்தில் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. யாரும் ஊற்றவில்லை. வயிறு கலங்கியது. ஏதோ ஒரு தொட்டியில் சுருள் ஓட்டையாகி, தொட்டித் தண்ணீர் உள்ளே போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். பெட்டியில் ஊற்றியபோது 180, பஞ்சுவின் தொட்டியில் 320. பஞ்சுவின் தண்ணீர் கசிந்திருந்தால் பெட்டியின் எண் ஏறியிருக்க வேண்டும். மீட்டர் காட்டியது 171. மூன்று முறை கழுவிக் கழுவி வைத்துப் பார்த்தேன், 171தான். பெட்டியின் மூடி ஒரு மூலையில் சரியாகப் பொருந்தவில்லை. அந்த இடுக்கு வழியாக வராந்தாவின் காற்று உள்ளே போய், 13 டிகிரியில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தது. இரண்டு லிட்டர் காய்ச்சி வடித்த நீர், கேட்காமலே.

மகள் அந்த இரண்டு லிட்டரை ஒரு குவளையில் மொண்டு இறால் தொட்டியில் குறைந்திருந்த அளவுக்கு ஊற்றலாமா என்று கேட்டாள். பெட்டித் தண்ணீர் கலந்தது, கூடாது என்றேன். வராந்தாவில் இருந்த செடிகளுக்கு ஊற்றினாள். மூடியின் மூலையில் நுரைப்பட்டை ஒட்டிவிட்டு, கோட்டை அழித்து, புதிய தேதியோடு மறுபடி போட்டிருக்கிறேன்.